கொங்கிறீட் போடுவதற்கு முந்திய நாள்: கட்டடத் தொழிலில் டிஜிட்டல் தொழில்நுட்பம் எதை மாற்றுகிறது?

உப்புவெளியிலிருந்து ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார். அவருடைய தந்தையார் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மேசன் பாஸாக இருப்பவர். இவர், கட்டடத்துக்கு வேண்டிய பொருள்களின் அளவையும் செலவையும் கணக்கிடும் கணிய அளவையியலில் டிப்ளோமா முடித்துவிட்டு, தந்தையாரோடு சேர்ந்து சிறிய ஒப்பந்தங்களை எடுக்கத் தொடங்கியிருக்கிறார். கட்டடத் துறையை டிஜிட்டல் தொழில்நுட்பம் முற்றாக மாற்றிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, வீடும் கடையும் மதிலும் கட்டுகின்ற எங்களுக்கு அதில் என்ன இருக்கிறது, அப்பாவின் தொழிலுக்கு அதனால் கேடு வருமா என்பதே அவருடைய கேள்வி.

கேடு வராது என்று உறுதியாகச் சொல்லலாம், ஆனால் அவர் வேலை செய்யும் முறை மாறும். கட்டாரில் சில ஆண்டுகளும் அதன் பின்னர் திருகோணமலையிலும் சுற்றுப்புறத்திலும் பல ஆண்டுகளும் கட்டடப் பொறியியலாளராக வேலை செய்தவன் என்ற முறையில் நான் கண்டதைச் சொல்கிறேன். கிண்ணியாவில் 2009இல் திறக்கப்பட்ட 396 மீற்றர் பாலம் போன்ற பெரிய பணிகளுக்குத்தான் இவையெல்லாம் பொருந்தும், எட்டுப் பேர்ச் காணியில் எழும் வீட்டுக்கு எதற்கு என்று நம்மிற் பலர் நினைக்கிறோம். என் அனுபவத்தில் பிழையைத் தாங்கும் வசதி பெரிய நிறுவனத்துக்கு உண்டு, சிறிய ஒப்பந்தக்காரருக்கு இல்லை. இரண்டு தூண்களை உடைத்துத் திரும்பக் கட்ட நேர்ந்தால் அந்த வீட்டில் அவருக்குக் கிடைக்க வேண்டிய இலாபம் முழுவதும் அதிலேயே போய்விடும். ஆகவே பிழையை முன்கூட்டிக் காட்டுகின்ற எந்தக் கருவியும் பெரியவர்களைவிடச் சிறியவர்களுக்கே கூடுதலாகத் தேவைப்படுகிறது.

கணினியில் வரைவது புதிதன்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாந்து 1963இல் 'ஸ்கெட்ச்பாட்' என்ற முறையை உருவாக்கி, திரையிலே கோடு வரையலாம் என்று காட்டினார். 'ஓட்டோகாட்' என்ற வரைதல் மென்பொருள் 1982இன் இறுதியில் விற்பனைக்கு வந்தது. ஆயினும் அதன் பின்னர் நெடுங்காலம் நடந்தது, பென்சிலின் இடத்திற்கு மவுஸ் வந்தது மட்டுமே. கணினிக்குத் தான் வரைந்த இரண்டு கோடுகளும் ஒரு சுவர் என்பது தெரியாது. மேற்றள வரைபடத்திற் கதவை இடம் மாற்றினால் முகப்பு வரைபடத்தில் அது பழைய இடத்திலேயே நிற்கும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க மனிதர் ஒருவர் வேண்டும், அவர் களைத்திருந்தால் பிழை சுவராகவே எழும்பிவிடும்.

உண்மையான மாற்றம் கட்டடத் தகவல் மாதிரி என்பதோடு தொடங்கியது. தொழிலில் இதை 'பிம்' என்கிறார்கள். இங்கே வரைபவர் கோடு வரைவதில்லை; சுவர், தூண், வளை (பீம்), கதவு என்று பொருள்களையே வைக்கிறார். ஒவ்வொரு பொருளும் தன் நீளம், அகலம், உயரம், எதனால் ஆனது என்ற தகவல்களைத் தன்னோடு வைத்திருக்கும். தளப்படமும் குறுக்குவெட்டும் முகப்பும் அந்த ஒரே மாதிரியிலிருந்து எடுக்கப்படுபவை ஆதலால், ஓரிடத்திற் கதவை நகர்த்தினால் எல்லாப் படங்களிலும் அது நகர்ந்திருக்கும். 'ஆர்க்கிகாட்' என்ற மென்பொருள் 1980களிலேயே இந்த வழியிற் சென்றது; 2000இல் வெளிவந்த 'ரெவிட்' அதைப் பரவலாக்கியது.

சிறிய வீட்டில் இதனாற் கிடைப்பது என்ன என்பதற்கு நிலாவெளிப் பக்கம் நான் பின்னர் பார்க்கப் போன ஒரு வீடு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டு மாடி வீடு. மேல்மாடிக் குளியலறையின் கழிவுநீர்க் குழாய் கீழே இறங்க வேண்டிய இடத்திலேயே முதன்மை வளை ஓடியது. கட்டமைப்பு வரைபடத்தை ஒருவரும் குழாய் வரைபடத்தை வேறொருவரும் வரைந்திருந்தார்கள். இரண்டும் தனித்தனியே சரியானவை. வளைக்குக் கொங்கிறீட் போட்டு மூன்று வாரங்களுக்குப் பின்னர்தான் குழாய் வேலைக்காரர் வந்தார். அவர் வளையின் அடிப்பகுதியைக் குடைந்து, கீழ்க்கம்பிகளில் ஒன்றை வெட்டிக் குழாயைக் கொண்டுபோய்விட்டார். வளையின் நடுப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது அந்தக் கீழ்க்கம்பியே. வெடிப்புக் கண்ட பிறகு உரிமையாளர் என்னை அழைத்தார். இரும்புத் தகடு வைத்து வலுப்படுத்துவதற்கு ஆன செலவில் அந்தக் குளியலறையையே இன்னொரு முறை கட்டியிருக்கலாம். முப்பரிமாண மாதிரியில் வளையும் குழாயும் ஒரே இடத்தில் மோதியிருந்தால், மோதல் கண்டறியும் வசதி அதைச் சிவப்பு நிறத்திற் காட்டியிருக்கும். குழாயை ஓரடி தள்ளி வைப்பது திரையில் ஒரு நிமிட வேலை.

ஆகவே கணினி கொண்டுவந்த மாற்றத்தின் மையம் என்று நான் கருதுவது முடிவெடுக்கும் நேரத்தையே. நம் ஊரிற் பல முடிவுகள் வேலைத் தளத்தில், கொங்கிறீட்டுக்கு அச்சாகப் பலகை அடித்த பிறகு, சில வேளைகளிற் கொங்கிறீட் கலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுக்கப்படுகின்றன. டிஜிட்டல் முறை அந்த முடிவுகளைச் சில வாரங்கள் முன்னே இழுக்கிறது. வரைதலுக்கு முன்னரைவிடக் கூடுதல் நேரமும் பணமும் தேவைப்படும். தளத்தில் அது மீளக் கிடைக்கும். 'படிக்கட்டை எங்கே வைப்பது என்று சுவர் எழும்பட்டும், பிறகு பார்ப்போம்' என்று சொல்கின்ற வீட்டுக்காரருக்கு இது பிடிக்காது. அவரை முன்கூட்டி உட்காரவைத்து, திரையிலே வீட்டினுள் நடக்கவைத்து, சமையலறை யன்னலிலிருந்து என்ன தெரியும் என்று காட்டி ஒரு முடிவுக்குக் கொண்டுவருவதுதான் இனி உங்கள் வேலையிற் கடினமான பகுதி.

உங்கள் படிப்போடு நேரடியாகத் தொடர்புடையது, வேலைக்கு எது எவ்வளவு வேண்டும் என்று வரிசையிடும் கணியப் பட்டியல், அதாவது நாம் எல்லோரும் பி.ஓ.கியூ. என்று சொல்லிப் பழகியது. மாதிரி சரியாக அமைந்தால் சுவரின் பரப்பளவும் கொங்கிறீட்டின் கனவளவும் கதவு யன்னல்களின் எண்ணிக்கையும் அதிலிருந்தே வெளிவரும். 2022இன் பொருளாதார நெருக்கடியில் சீமெந்து, கம்பி ஆகியவற்றின் விலை வாரத்துக்கு வாரம் ஏறியபோது இதன் பயனை நான் கண்கூடாகக் கண்டேன். கணியத்தைத் தனியாகவும் விலையைத் தனியாகவும் ஒழுங்காக வைத்திருந்தவர்கள் அன்றைய விலையைப் போட்டு அன்றைக்கே வீட்டுக்காரரோடு பேச முடிந்தது. சதுர அடிக்கு இவ்வளவு என்று வாயால் ஒப்புக்கொண்டவர்கள் நடுவிலே விட்டுவிட்டுப் போனார்கள், அல்லது கடன்பட்டார்கள்.

கம்பியில் மிச்சப்படுத்துவதற்குப் பெரிய மென்பொருளும் தேவையில்லை. ஒரு வேலைக்கு 12 மில்லிமீற்றர்க் கம்பியில் 3.5 மீற்றர்த் துண்டுகள் 40உம் 2.5 மீற்றர்த் துண்டுகள் 40உம் வேண்டும் என்று வையுங்கள். கம்பி 12 மீற்றர் நீளத்தில் வருகிறது. நீளமான துண்டுகளைத் தனியாக வெட்டினால் ஒரு கம்பியில் மூன்றுதான் கிடைக்கும், 14 கம்பிகள் போகும், குறுகியவற்றைத் தனியாக வெட்டினால் ஒன்றில் நான்கு, 10 கம்பிகள் போகும், மொத்தம் 24. ஒவ்வொரு கம்பியிலும் இரண்டு நீளமானவற்றையும் இரண்டு குறுகியவற்றையும் சேர்த்து வெட்டினால் 12 மீற்றரும் சரியாகத் தீர்ந்து, 20 கம்பிகளோடு வேலை முடிந்துவிடும். மிச்சமான நான்கு கம்பிகளின் எடை ஏறத்தாழ 43 கிலோகிராம். நீளங்கள் இரண்டாக இருக்கும்வரை இதை மனக்கணக்கிற் செய்யலாம். பதினைந்து வகை நீளங்கள் வந்தால் எக்செல் அட்டவணை வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. மாதிரியில் வைக்கப்படாத பொருளை மாதிரி எண்ணாது. பலகை, சாரம், தண்ணீர் பவுசர், காவலாளி, சேதாரம் ஆகிய எவையும் அதற்குத் தெரியா. சுவரின் மூலையை மென்பொருள் எப்படிக் கணக்கிடுகிறது, திறப்புகளைக் கழிக்கிறதா என்று ஒரு சிறிய அறையையாவது கையால் அளந்து ஒப்பிட்டுப் பார்க்காமல் எந்த எண்ணையும் நம்பாதீர்கள். கையாற் கணக்கிடத் தெரிந்தவருக்குத்தான் கணினியின் எண் பிழையென்று படும்.

அலகுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் ஊர்த் தளங்களில் நான் கண்ட பிழைகளிற் கணிசமானவை அங்கேயே பிறந்தன. காணி பேர்ச்சில், மணல் கியூப்பில், பாஸின் நாடா அடியிலும் அங்குலத்திலும், வரைபடம் மில்லிமீற்றரில். பன்னிரண்டடி என்று வீட்டுக்காரர் சொன்னதை வரைபவர் 3600 மில்லிமீற்றர் என்று வட்டமாக்குவார். உண்மையில் அது 3658. அந்த 58 மில்லிமீற்றர் காணாமற் போனதால் அலுமாரி பொருந்தாமற் போன அறைகளை நான் பார்த்திருக்கிறேன். வரைபடத்தின் மூலையில் இரண்டு அலகுகளையும் அச்சிட வைப்பது இன்றைய மென்பொருளில் ஒரு சொடுக்கு வேலை. உங்கள் தந்தையாருக்காக அதைச் செய்யுங்கள்.

அளந்து நூல் பிடிக்கும் வேலையிலும் மாற்றம் வந்துவிட்டது. தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்த்த இடத்தில் இப்போது லேசர் மட்டக்கருவி நிற்கிறது; மூலைமட்டத்தின் இடத்தில், பெரிய வேலையானால், தூரத்தையும் கோணத்தையும் ஒன்றாக அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் நிற்கிறது. திருத்தச் செய்தியோடு இயங்கும் செய்மதி அளவைக் கருவிகள் ஓரிரு சென்றிமீற்றர் துல்லியம் தரும். கைத்தொலைபேசியின் ஜி.பி.எஸ். அப்படியன்று, அது சில மீற்றர் தவறும். எல்லைக் கல்லை அதைக்கொண்டு தேடக் கூடாது. இன்னொரு சிக்கலும் உண்டு. கைத்தொலைபேசி டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற உலகப் பொது ஆள்கூற்று முறையைப் பயன்படுத்துகிறது. 1800இல் தொடங்கிய நம் நில அளவைத் திணைக்களத்தின் எஸ்.எல்.டி. 99 முறையோ, பூமியின் வடிவத்தைச் சற்று வேறாகக் கொள்ளும் எவரெஸ்ட் நீள்கோளத்தை அடிப்படையாகக் கொண்டது. முறையாக மாற்றாமல் இரண்டையும் ஒரே வரைபடத்திற் போட்டால் வீடு அடுத்தவர் காணிக்குள் நிற்கும். உறுதியும் காணிப்படமும் தெளிவில்லாத இடத்தில், போரின்போது இடம்பெயர்ந்து திரும்பியவர்களின் காணிகளிற் பல அப்படித்தான் இருக்கின்றன, எந்தக் கருவியும் எல்லைத் தகராற்றைத் தீர்க்காது. உரிமம் பெற்ற நில அளவையாளரே வர வேண்டும்.

ட்ரோன் பற்றிப் பலர் ஆர்வத்தோடு கேட்கிறார்கள். பெரிய காணியின் மண் கனவளவைக் கணக்கிடுவதற்கும் கூரை பார்ப்பதற்கும் அது மிக நல்லது. ஆனால் கடற்படைத் தளமும் சீனக்குடா விமானத்தளமும் உள்ள ஊர் இது; சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் விதிகளையும் பாதுகாப்பு அனுமதியையும் பாராமல் இங்கே எவரும் ட்ரோனை ஏவக் கூடாது.

கொங்கிறீட்டுக்கு வருவோம், ஏனென்றால் திருகோணமலையின் காற்றும் உப்பும் வெயிலும் அதனிடத்தேதான் வேலை காட்டுகின்றன. கச்சான் காற்று வீசும் மாதங்களில் முற்பகலிற் போட்ட சிலாப்பில் மாலைக்குள் மெல்லிய வெடிப்புகள் ஓடுவதை உங்கள் தந்தையார் நூறு தடவை கண்டிருப்பார். மேற்பரப்பிலிருந்து நீர் ஆவியாகும் வேகம், உள்ளேயிருந்து நீர் மேலே வரும் வேகத்தை மிஞ்சும்போது அந்த வெடிப்பு உண்டாகிறது. சதுர மீற்றருக்கு மணிக்கு 1 கிலோகிராம் நீர் ஆவியாகும் நிலையை நெருங்கினால் முற்காப்பு வேண்டும் என்பது அமெரிக்கக் கொங்கிறீட் நிறுவகத்தின் வழிகாட்டல். வளியின் வெப்பநிலை, ஈரப்பதன், காற்றின் வேகம், கொங்கிறீட்டின் வெப்பநிலை என்ற நான்கையும் கொண்டு அந்த வேகத்தைக் கணக்கிடலாம். முதல் மூன்றையும் மணித்தியால வாரியாகக் கைத்தொலைபேசியே முன்கூட்டித் தருகிறது. நான்காவதற்கு ஒரு வெப்பமானி போதும். முந்திய நாள் மாலை ஐந்து நிமிடம் செலவழித்தால், நாளை விடியற்காலை நான்கு மணிக்கே தொடங்குவதா, காற்றுத் தடுப்புக்குத் தறப்பாள் கட்டுவதா, ஒரு நாள் தள்ளிப்போடுவதா என்று தெரிந்துவிடும். காற்றின் மணத்தை வைத்து உங்கள் தந்தையார் சொல்லும் தீர்ப்பும் பெரும்பாலும் இதனோடு ஒத்துப்போகும். ஒத்துப்போகாத நாளில் இருவரும் பேசிக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சே இத்தொழிலில் மிக விலைமதிப்புள்ளது என்று நான் நினைக்கிறேன்.

பலகை கழற்றும் நாளையும் இப்போது அளந்து தீர்மானிக்கலாம். கொங்கிறீட்டின் வலிமை அது கடந்துவந்த வெப்பநிலையையும் காலத்தையும் பொறுத்து வளர்கிறது. உள்ளே புதைத்த சிறிய வெப்பநிலை உணரி அந்தக் கணக்கைக் கைத்தொலைபேசிக்கு அனுப்பும். முதிர்வு முறை என்ற இதற்கு ஏ.எஸ்.டி.எம். சி1074 என்ற தரநிலையும் இருக்கிறது. ஆனால் நீங்கள் பயன்படுத்தும் அதே கலவையில் மாதிரிக் கட்டிகள் செய்து நசுக்கிப் பார்த்து, அந்தக் கலவைக்குரிய வளைகோட்டை முதலிற் பெற வேண்டும். கலவை லொறிக்கு லொறி மாறினால், அல்லது தளத்தில் 'கொஞ்சம் இளக்கமாய் இருக்கட்டும்' என்று தண்ணீர் ஊற்றினால், உணரி சொல்லும் வலிமை பொய்யாகிவிடும். தளத்திற் கலக்கும் சிறிய வீடுகளுக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அங்கே தண்ணீரை அளந்து ஊற்றுவதே பெரிய முன்னேற்றம்.

கடலோரத்தில் நான் வற்புறுத்திக் கேட்கும் கருவி வேறொன்று: கம்பிக்கு மேலுள்ள கொங்கிறீட் கவரின் தடிப்பை மின்காந்தத் தூண்டலால் அளக்கும் கவர் மீற்றர். கடற்காற்றின் குளோரைட்டு கொங்கிறீட்டுக்குள் மெல்ல மெல்ல இறங்கிக் கம்பியை அடையும். துரு, இரும்பைவிடப் பன்மடங்கு இடம் பிடிப்பதால் கொங்கிறீட்டைப் பிளந்து தள்ளும். அலஸ்தோட்டம், உப்புவெளிப் பக்கம் பழைய கட்டடங்களின் சிலாப்புக்கு அடியில் நிமிர்ந்து பார்த்தால் இதைக் காணலாம். வரைபடத்தில் 50 மில்லிமீற்றர்க் கவர் என்று எழுதியிருக்கும். கம்பியைப் பலகையில் படாமல் தூக்கி வைக்கும் கவர் புளொக் வைக்காமல், அல்லது வைத்ததன்மேல் ஆட்கள் ஏறி நடந்து, உண்மையில் 15 மில்லிமீற்றர்தான் கிடைத்திருக்கும். பல ஆண்டுகள் கழித்து வெளிப்படும் இந்தக் குறையைப் பலகை கழற்றிய அன்றைக்கே கண்டுபிடிக்கக் கவர் மீற்றர் உதவுகிறது. கருவியை எல்லோரும் வாங்க வேண்டியதில்லை, ஒரு நாள் வாடகைக்கோ பொறியியலாளர் ஒருவரிடமிருந்தோ பெறலாம். அதைவிட மலிவான கருவி உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கிறது: கொங்கிறீட் போடுவதற்கு முன், கம்பிக்கும் பலகைக்கும் நடுவே அளவுநாடாவை வைத்து எடுத்த ஒரு படம்.

இந்தப் படங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் எழும் வீடுகளிற் கணிசமானவற்றின் உரிமையாளர்கள் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்துக்கு அவர்கள் காண்பதெல்லாம் வட்ஸ்அப் படங்களே. கட்டடத் துறையின் டிஜிட்டல் மாற்றம் என்று சொல்லப்படுபவற்றுள் திருகோணமலையில் ஏற்கெனவே முழுமையாக நடந்து முடிந்தது இதுவே என்பேன். அதற்குப் பெயர்தான் வைக்கப்படவில்லை. ஆனால் அதை நாம் ஒழுங்கில்லாமற் பயன்படுத்துகிறோம். எனக்குத் தெரிந்த ஒரு வேலையில், அத்திவாரத்துக்கு எத்தனை கம்பி கட்டப்பட்டது என்பதில் வெளிநாட்டிலிருந்த உரிமையாளருக்கும் ஒப்பந்தக்காரருக்கும் இடையே பெரிய தகராறு வந்தது. ஒப்பந்தக்காரர் நேர்மையானவர், வேலையும் சரி. ஆனால் ஐந்நூறு படங்கள் இருந்தும் எந்தப் படம் எந்தக் குழி என்று அவரால் நிறுவ முடியவில்லை. கடைசியில் ஓர் அத்திவாரத்தைத் தோண்டிக் காட்ட வேண்டி வந்தது.

வட்ஸ்அப் வழியே சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்படும். எப்போது, எங்கே எடுத்தது என்று படத்துக்குள் பதிவாகும் தகவலும் நீக்கப்படும். ஆவணமாக அனுப்பினால் மூலக் கோப்பு அப்படியே போகும். அதைவிட நல்லது, தூண்களுக்கு வரைபடத்தில் உள்ளபடி இலக்கமிட்டு, அந்த இலக்கத்தைப் பலகையில் எழுதி, நாடாவும் இலக்கமும் ஒன்றாகத் தெரியும்படி படமெடுத்து, நாள்வாரியான கோப்புறைகளில் மூலப் படத்தை வைத்திருப்பது. வேலை மாறினால், மாறிய விதத்தையும் அதற்கான தொகையையும் ஒரு வரியாக எழுதி உரிமையாளரின் 'சம்மதம்' என்ற பதிலைப் பெற்றுக்கொள்ளுங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இலத்திரனியற் பதிவுகளுக்குச் சட்ட அங்கீகாரம் தருகிறது. ஆகவே அந்தப் பதில் வெறும் பேச்சாகப் போய்விடாது. ஒப்பந்தத்திலேயே 'மாற்றங்கள் எழுத்திற் சம்மதிக்கப்பட்ட பின்னரே செய்யப்படும், மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் எழுத்தாகக் கொள்ளப்படும்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கட்டியதன் பதிவு எஞ்சாமற் போவது எத்தகைய இழப்பு என்பதை நம் ஊரைவிட வேறெந்த ஊர் அறியும்? கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்து அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். கோட்டை வாசலில் இன்றும் இரட்டைக் கயலும் தமிழ்க் கல்வெட்டும் நிற்கின்றன. 1956இல் கடலடிப் படப்பிடிப்பாளர் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும், கோயில் நிற்கும் சுவாமி மலையடிக் கடலில் அக்கோயிலின் கற்களைக் கண்டார்கள். எந்தக் கல் எந்த மண்டபத்துக்குரியது என்று சொல்ல ஓர் அளவுப்படமும் நம்மிடம் இல்லை. பாரிஸின் நோத்ருதாம் தேவாலயம் 2019 ஏப்ரல் 15இல் எரிந்தபோதோ, ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றாசிரியர் முன்னரே லேசரால் வருடி வைத்திருந்த நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகள் கைவசம் இருந்தன. இன்று நாம் கட்டும் சாதாரண வீட்டுக்கும், சுவருக்குள் வயரும் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று பூச்சுக்கு முன் எடுத்த படங்களைச் சாவியோடு சேர்த்துக் கொடுத்தால், இருபது ஆண்டுகள் கழித்துச் சுவரைத் துளைப்பவர் உங்களை வாழ்த்துவார்.

உலகின் சில நாடுகளில் இது கட்டாயமாகவே வந்துவிட்டது. பிரித்தானியா 2016 ஏப்ரலிலிருந்து மத்திய அரசின் கட்டடப் பணிகளுக்குப் பிம்மைக் கட்டாயமாக்கியது. சிங்கப்பூர் 2015இலிருந்து 5,000 சதுர மீற்றருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களின் அனுமதிக்கு மாதிரியாகவே சமர்ப்பிக்கச் சொன்னது. தகவலை எப்படிப் பெயரிட்டு, யார் சரிபார்த்து, யாரிடம் கையளிப்பது என்பதற்கு 2018இல் ஐ.எஸ்.ஓ. 19650 தரநிலை வந்தது. வளைகுடாவுக்கோ கொழும்பின் பெரிய நிறுவனங்களுக்கோ போக எண்ணுபவர்கள் இதைப் படித்தாக வேண்டும். இவ்வளவு நடந்தும், இந்தத் துறையின் உற்பத்தித்திறன் இருபதாண்டுக் காலத்தில் ஆண்டுக்கு 1 வீதமளவே வளர்ந்தது, உலகப் பொருளாதாரம் முழுவதற்கும் அது 2.8 வீதம் என்று மக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனம் 2017இல் கணித்தது. அதில் வியப்பில்லை. தொழிற்சாலை ஒரே பொருளைப் பல்லாயிரம் தடவை செய்கிறது. நாமோ ஒவ்வொரு முறையும் புதிய மண்ணில், புதிய ஆட்களோடு, ஒரே ஒரு தடவை செய்கிறோம்.

முப்பரிமாண அச்சு வீடுகளைப் பற்றியும் உங்கள் தந்தையார் கேள்விப்பட்டுக் கவலைப்பட்டிருக்கலாம். சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் 2021இல் அப்படி ஒரு வீடு எழும்பியது; பெங்களூரில் 1,021 சதுர அடி அஞ்சலகம் ஒன்று 2023 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. அச்சிடப்படுவது சுவர்தான். அத்திவாரமும் கூரையும் வயரிங்கும் குழாயும் மனிதக் கைகளையே எதிர்பார்க்கின்றன. அந்த இயந்திரத்தைக் கிண்ணியாவின் ஒழுங்கைக்குள் கொண்டுவந்து ஒரு வீட்டுக்காக நிறுத்துவது நெடுங்காலத்துக்குக் கட்டுபடியாகாது.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. தகவல் முழுவதும் ஆங்கிலத்தில், கடவுச்சொல்லுக்குப் பின்னால், ஆண்டுச் சந்தா கட்டுகின்ற ஒருவரின் மடிக்கணினியில் இருந்துவிட்டால், சுவரைக் கட்டுகின்றவர் முன்னரைவிடக் குறைவாகவே அறிவார். பழைய நீலப்படத்தை அவர் விரித்து வைத்து விரலால் தொட்டுக் கேள்வி கேட்டார். இப்போது அவருக்குக் கிடைப்பது கைத்தொலைபேசியில் மங்கலாக வந்த ஒரு துண்டு. தமிழிற் குறிப்பு எழுதுபவர்களும் இன்னும் பாமினி எழுத்துருவிலேயே எழுதுகிறார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் திறக்கும். ஒருங்குறியில் எழுதுங்கள். மென்பொருளின் விலை தடையென்றால் ஃப்ரீகாட், பிளெண்டரோடு இயங்கும் போன்சாய் ஆகியவை இலவசம். எந்த ஒரு நிறுவனத்துக்கும் கட்டுப்படாத ஐ.எஃப்.சி. என்ற பொதுக் கோப்பு வடிவத்தை அவை கையாளும். திருட்டுப் பிரதியை வைத்துத் தொழில் தொடங்காதீர்கள். அதிலுள்ள வைரஸ் ஒரு நாள் உங்கள் வரைபடங்கள் அனைத்தையும் கொண்டுபோகலாம்.

அடுத்து எடுக்கும் வேலையில் எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்ய முயல வேண்டாம். குளியலறைகளும் படிக்கட்டும் உள்ள பகுதியை மட்டும் முப்பரிமாணத்தில் அமையுங்கள். மோதல்கள் பெரும்பாலும் அங்கேதான். கம்பி வெட்டும் அட்டவணையை எக்செல்லில் தயாரித்து, தமிழில் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தளத்துக் கொட்டிலிற் கட்டிவிடுங்கள். பிறகு மாதிரியைத் தந்தையாருக்குத் திரையிற் காட்டி, 'அப்பா, இதிலே எதைக் கட்ட முடியாது?' என்று கேளுங்கள். கொங்கிறீட்டைத் திணிக்க இடம்விடாமல் கம்பிகள் நெருங்கியிருக்கும் வளை மூட்டையும், பலகை கழற்றக் கை நுழையாத மூலையையும் அவர் காட்டுவார். அவற்றை மென்பொருள் பெரும்பாலும் சிவப்பு நிறத்திற் காட்டாது. அவர் சொல்வதை அன்றைக்கே மாதிரியிற் குறித்துக்கொள்ளுங்கள்.